பிரிட்டனில் சிறிய சமூகத் தொண்டு அமைப்பு தன் செய்தியைச் சரியான ஆட்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லண்டனில் தமிழ் முதியோர் சங்கங்கள், சனிக்கிழமைப் பள்ளிகள், பெண்கள் குழுக்கள் என்று பலவற்றுக்குத் துண்டுப்பிரசுரம் எழுதவும் வாட்ஸ்அப் செய்தி திருத்தவும் உதவி வந்திருக்கிறேன். அதே மண்டபங்களில் கூடும் சோமாலி, நேபாளி அமைப்புகளோடும் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். முதல் நாளே லோகோ, இணையதளம், ஃபேஸ்புக் பக்கம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரிடம் பேசுகிறோம், அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது. ஒரு படியை விட்டுத் தாண்டினால் அடுத்த படியில் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். இங்கிலாந்து, வேல்ஸ் விதிகளை வைத்து எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் அமைப்புகள் வேறு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சங்கத்துக்கென்று ஒரு கைபேசி எண், ஒரு மின்னஞ்சல். இரண்டும் எந்தத் தனிமனிதருடையதாகவும் இருக்கக் கூடாது. ஒரு சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தைத் தொடங்கிய பையன் பல்கலைக்கழகம் போனதும், கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. பழைய மண்டப முகவரி அந்தப் பக்கத்தில் நெடுநாள் அப்படியே கிடந்தது. அதை நம்பி இரண்டு மூதாட்டிகள் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். எந்தக் கணக்கானாலும் இரண்டு நிர்வாகிகள், கடவுச்சொற்கள் செயலாளரிடம் மூடிய உறையில் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, செயற்குழுக் கூட்டக் குறிப்பில் எழுதிய ஒரு தீர்மானம்: வழக்கமான அறிவிப்புகளை இன்னார் இருவர் யாரையும் கேட்காமல் வெளியிடலாம். இது இல்லாவிட்டால் எட்டுப் பேரும் 'சரி' சொல்லி முடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும். அந்த இருவரில் ஒருவர் இளையவராகவும் ஒருவர் மூத்தவராகவும் இருந்தால் நல்லது. ஆங்கிலமும் வடிவமைப்பும் ஒருவருக்கு வரும். எந்தச் சொல் யாரைப் புண்படுத்தும் என்பது மற்றவருக்குத் தெரியும்.

1. பதிவேட்டில் உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டைத் திறந்து உங்கள் சங்கத்தைத் தேடுங்கள். நிதி கொடுப்பவர்களும் கவுன்சில் அதிகாரிகளும் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் இணையதளம் அப்புறம்தான்.

நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் ஆண்டு விவரத்தை அனுப்பியிருக்க வேண்டும். தாமதமானால் அது பதிவேட்டில் எல்லோர் கண்ணிலும் படும். மூன்று வருடத்துக்கு முன் விலகியவர் இன்னும் அறங்காவலராக இருக்கிறாரா, தொலைபேசி எண் பழையதா, அமைப்பின் நோக்கம் என்று எழுதியிருப்பதும் இன்று செய்யும் வேலையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் அழகான பிரசுரம் அச்சடிப்பது, கதவு உடைந்த வீட்டுக்குக் கோலம் போடுவது போல.

பதிவு எண்ணை எல்லாவற்றிலும் போடும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள். ஆண்டு வருமானம் 10,000 பவுண்டைத் தாண்டிய பதிவுபெற்ற அமைப்பு, நன்கொடை கேட்கும் ஆவணங்களில் தான் பதிவுபெற்றது என்று குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலும் போடுங்கள். அந்த ஒரு வரி அறிமுகமில்லாதவருக்கு நம்பிக்கை தரும்.

2. மூன்று ஆட்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்

'நம் சமூகம் முழுவதும்' என்று பதில் சொன்னால் இந்தப் படி முடியவில்லை என்று அர்த்தம். ஒரு தாளை எடுத்து மூன்று ஆட்களை எழுதுங்கள். உதாரணமாக: ஈஸ்ட்ஹாமில் மகன் வீட்டில் இருக்கும், பகல் முழுக்கத் தனியாக இருக்கும் 74 வயது அம்மா, அவருடைய மருமகள், அந்த அம்மாவின் ஜிபி (குடும்ப மருத்துவர்) மருத்துவமனையில், நோயாளிகளைச் சமூக அமைப்புகளுக்கு அனுப்பிவைக்கும் பணியாளர்.

ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரே ஒரு செயலை எழுதுங்கள். அம்மா செவ்வாய்க்கிழமை மதிய உணவுக் கூடலுக்கு வர வேண்டும். மருமகள் நம் எண்ணைச் சேமித்துக்கொள்ள வேண்டும். பணியாளர் நம் பெயரைத் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்றும் வேறு வேறு செயல்கள், ஆகவே மூன்றும் வேறு வேறு செய்திகள். ஒரே தாளில் மூன்றையும் அடைத்தால் ஒருவருக்கும் போய்ச் சேராது.

மூன்றாவது ஆளை அநேகமாக எல்லாச் சங்கங்களும் மறக்கின்றன. ஜிபி மருத்துவமனைகளில் இந்தப் பணியாளர்களை சோஷியல் பிரஸ்கிரைபிங் லிங்க் வொர்க்கர் என்பார்கள். தனிமையில் வாடும் தமிழ் முதியவர் ஒருவரை எங்கே அனுப்புவது என்று தேடிக்கொண்டிருப்பவர் அவர். நாம் பக்கத்துத் தெருவில் இருப்பது அவருக்குத் தெரியாது.

3. வீட்டில் புழங்கும் சொல்லால் எழுதுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். பெரிய தொண்டு நிறுவனங்களின் ஆங்கிலப் பிரசுரத்தை அப்படியே தமிழாக்கிப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

'நீங்கள் ஒரு பராமரிப்பாளரா?' என்று கேட்டால் கை தூக்குபவர் குறைவு. மாமியாரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் இரண்டு முறை எழுந்து பார்க்கும் மருமகள் தன்னைப் பராமரிப்பாளர் என்று நினைப்பதில்லை. 'வீட்டில் அம்மாவையோ மாமியையோ நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்களா?' என்று கேளுங்கள். 'மனநல ஆதரவு' என்ற தலைப்பைப் பார்த்ததும் கதவை மூடிக்கொள்பவர்கள், 'இரவில் நித்திரை வராமல் யோசித்துக்கொண்டே இருக்கிறீர்களா?' என்பதை நின்று வாசிப்பார்கள். 'டிமென்ஷியா விழிப்புணர்வு' என்பதைவிட 'அப்பா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா?' மேல்.

உதவி என்ற சொல்லிலும் கவனம் தேவை. நாற்பது வருடம் உழைத்து யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவருக்கு 'இலவச உதவி' என்பது கூச்சத்தைத் தரும். கவனிப்புத் தேவைப்படும் முதியவர்களுக்கு அரசு தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பற்றி எழுதும்போது, 'இது தர்மம் இல்லை. சட்டம் தந்திருக்கும் உரிமை. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் பாதிக்காது' என்று எழுதிப் பாருங்கள். படிவம் நிரப்பித் தரக் கேட்டு வருபவர்கள் கூடுவார்கள்.

அப்புறம், யாருடைய தமிழ்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் கதைப்பார், மதுரையிலிருந்து வந்தவர் பேசுவார். உங்கள் மண்டபத்துக்கு வருபவர்களில் பெரும்பான்மையோர் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். இருவரும் சமமாக இருந்தால் இருவருக்கும் புரியும் சொல்லைத் தேடுங்கள்.

இன்னொரு விஷயத்தை வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர்கள் சொல்லித் தரமாட்டார்கள்: இது சின்ன ஊர் மாதிரியான சமூகம். உதவி கேட்கப் பயப்படுவதற்குப் பெரிய காரணம், 'கோயிலில் பார்க்கும் ஆள்தானே போனை எடுப்பார், நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடுமே' என்ற நினைப்பு. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு அது சின்னப் பயம் இல்லை. அதனால் எல்லாப் பிரசுரத்திலும் 'நீங்கள் சொல்வது வெளியே போகாது. பெண்ணிடம் பேச விரும்பினால் சொல்லுங்கள்' என்ற இரண்டு வரி மேலேயே இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களுக்குச் சொல்ல வேண்டி வரும் என்பதையும், அழைப்பவரிடம் பேச்சின் தொடக்கத்திலேயே விளக்கிவிடுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்தால் அடுத்த பெண் அழைக்கமாட்டார்.

எழுதி முடித்ததும் செயற்குழுவில் இல்லாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். தாளைத் திரும்ப வாங்கிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இது யாருக்கு? எப்போது, எங்கே? நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் திருத்துங்கள். மாதம் ஒரு பழைய அறிவிப்பை இப்படித் திருத்திப் பழகுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி.

4. சொல்லக் கூடாததை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்

நல்ல மனதோடு எழுதும் ஒரு வரி ஒருவரின் விசாவுக்கே உலை வைக்கலாம்.

'எல்லோரும் விண்ணப்பிக்கலாம்' என்று அரசு உதவித்தொகை பற்றி எழுதாதீர்கள். அரசு உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை சிலருடைய விசாவில் உண்டு. அவர்கள் விண்ணப்பித்தால் குடிவரவு நிலை பாதிக்கப்படலாம். 'விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் எங்களிடம் கேளுங்கள், தகுதியுள்ள ஆலோசகரிடம் அனுப்பிவைக்கிறோம்' என்று ஒரு வரி சேருங்கள்.

அதேபோல, பதிவுபெறாமல் 'குடிவரவு ஆலோசனை வழங்கப்படும்' என்று போடாதீர்கள். தகுதி இல்லாமல் அந்த ஆலோசனையைத் தருவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தருவதாக விளம்பரம் செய்வதும் குற்றம்தான். தகுதியுள்ள வழக்கறிஞரிடமோ பதிவுபெற்ற ஆலோசகரிடமோ வழிகாட்டுகிறோம் என்று எழுதுங்கள்.

தேர்தல் காலத்தில் வேட்பாளரோடு எடுத்த படத்தைச் சங்கத்தின் பக்கத்தில் போடுவதையும் நிறுத்திவையுங்கள். தொண்டு அமைப்பு எந்தக் கட்சியையும் ஆதரிக்கக் கூடாது. உங்கள் நோக்கத்தோடு தொடர்புள்ள கொள்கைக்காகக் குரல் கொடுக்கலாம். தனிப்பட்ட கருத்து தனிப்பட்ட கணக்கில் இருக்கட்டும்.

5. பட்டியலும் சம்மதமும்

இப்போதுதான் எண்களைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். நிகழ்ச்சி வருகைப் பதிவில் இருந்த எண்களையெல்லாம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுவது பரவலான பழக்கம். அதைச் செய்யாதீர்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். கணவனிடமிருந்து விலகி வந்த ஒருவரின் எண்ணை அவருடைய உறவினர்கள் கையிலேயே நாம் கொடுத்துவிடக்கூடும்.

குழுவுக்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் வையுங்கள். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச்சேரும். மருமகளுக்கு 'எண்ணைச் சேமியுங்கள்' என்ற செயலைக் கொடுத்தது இதற்காகத்தான். மண்டப வாசலிலேயே ஒரு இளைஞரை நிறுத்தி, வருபவர்களின் கைபேசியில் சேமித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் வழியாக நன்கொடை கேட்பதும் நிகழ்ச்சிக்கு அழைப்பதும் சட்டத்தின் பார்வையில் விளம்பரச் செய்திகள். அவற்றுக்குச் சம்மதம் வாங்கி, என்றைக்கு வாங்கினோம் என்று எழுதி வையுங்கள். 2025-ஆம் ஆண்டுத் தரவுச் சட்டம் தொண்டு அமைப்புகளுக்குச் சில நிபந்தனைகளோடு சம்மதம் இல்லாமலே அனுப்பும் சலுகை தந்திருக்கிறது. பழைய பட்டியலுக்கு அதை நம்பாதீர்கள். 'நாளை கூடல் கிடையாது, மண்டபத்தில் தண்ணீர் வரவில்லை' போன்ற தகவலை ஏற்கெனவே வருபவர்களுக்குச் சொல்வது விளம்பரம் ஆகாது.

6. எந்த வழியாக அனுப்புவது

முதியவர்களுக்கு 40 விநாடிக் குரல் பதிவு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் அதுவே: தமிழ் வாசிக்க வராது, கேட்டால் புரியும். மண்டபத்தில் எல்லோருக்கும் பழக்கமான குரல் ஒன்று இருக்கும். அவரே பேசட்டும். முதல் ஐந்து விநாடியில் நாள், நேரம், இடம்.

தமிழ் மளிகைக் கடை, கோயில், தேவாலயம், முடிதிருத்தும் கடை, நூலகம் இவற்றில் காகிதம். கடைக்காரரிடம் சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள். பணம் வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பழையதை எடுத்துவிடுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் மண்டபத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் பதிவது இலவசம். இணையதளத்துக்கு முன் அதைச் செய்யுங்கள்.

7. பிரசுரத்தை அமைக்கும்போது

பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், செயற்குழு என்று பதினொரு படங்கள். இடமும் நேரமும் அடியில் பொடி எழுத்தில். இந்தப் பிரசுரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரியாதை செய்வது நம் வழக்கம், அதை விட வேண்டாம். விருந்தினர் பெயர்களுக்குத் தனி அழைப்பிதழ் அடியுங்கள். வருபவருக்கான தாளில் ஐந்து விஷயங்கள் மட்டும்: என்ன, எப்போது, எங்கே (பஸ் எண்ணும் லிஃப்ட் உண்டா என்பதும்), செலவு உண்டா, யாரை அழைப்பது. எழுத்து குறைந்தது 14 புள்ளி அளவில் இருக்கட்டும்.

தமிழை யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். கூகுளிலும் தேடிக் கிடைக்காது. பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அச்சுக்கு அனுப்பும் முன் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று ஒரு தமிழ்க் கண் பார்க்கட்டும். வடிவமைப்பு மென்பொருள்கள் சில அவற்றைக் குலைத்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத அச்சகத்தாருக்கு அது தவறாகத் தெரியாது.

8. கதையும் படமும்

வந்து பயன்பெற்றவரின் கதை எல்லா விளம்பரத்தையும்விட வலுவானது. அதனாலேயே அதில் ஆபத்தும் அதிகம்.

தஞ்சம் கோரியிருப்பவரின் முகம், பெயர், ஊர் எதையும் வெளியிடாதீர்கள். அவரே சம்மதித்தாலும் யோசியுங்கள். ஊரில் இருக்கும் அவருடைய குடும்பம் சம்மதிக்கவில்லை. கைகளைப் படம் எடுக்கலாம், சமைத்த சாப்பாட்டை எடுக்கலாம், வேறு பெயரில் எழுதலாம். பின்னணியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பிள்ளைகள் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

சம்மதம் கேட்கும்போது 'படம் எடுக்கட்டுமா?' என்பது போதாது. எங்கே வரும், எவ்வளவு நாள் இருக்கும், மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்பதைத் தமிழில் விளக்குங்கள். நம் முதியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். அதனால் ஒரு வாரம் கழித்து, எழுதியதை வாசித்துக்காட்டி மறுபடியும் கேளுங்கள். எனக்கு இரண்டாம் முறை 'வேண்டாம் தம்பி' என்று சொன்னவர்கள் உண்டு.

9. வெளியாருக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம்

தமிழ்ப் பிரசுரத்தை மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். ஜிபி பணியாளரும் கவுன்சில் அதிகாரியும் வேறு கேள்விகளோடு வருகிறார்கள்: யார் வரலாம், எந்தத் தபால் குறியீட்டுப் பகுதி, எந்த நாள், செலவு, என்ன மொழி, எப்படி அனுப்புவது, எத்தனை நாளில் பதில் வரும்.

சமூகத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் தேவை. 'தெற்காசியர்' என்று மட்டும் போட்டால் இந்தி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பார்கள். தமிழுக்குத் தனி எழுத்து உண்டு, எங்கள் முதியவர்களில் பலருக்கு இந்தி தெரியாது, இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஐரோப்பிய நாடுகள் வழியாகவும் வந்தவர்கள் இவர்கள் என்று எழுதுங்கள். 'பேம்' (கறுப்பின, ஆசிய, சிறுபான்மை இனத்தவர் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் BAME) போன்ற கூட்டுச் சுருக்கப் பெயர்களை நிதி கொடுப்பவர்களே கைவிட்டு வருகிறார்கள்.

தேவையை நிரூபிக்க 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் உங்கள் பகுதியில் எத்தனை பேர் என்று எடுக்கலாம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே படிவத்தில் ஆங்கிலம் என்று குறித்தவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதோடு உங்கள் சொந்த எண்ணிக்கையையும் வையுங்கள். நேஷனல் லாட்டரியின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் போன்ற, 20,000 பவுண்டு வரை தரும் சிறு நிதித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பக்கமே பாதி வேலையை முடித்திருக்கும்.

10. பணம் கேட்கும்போது

எவ்வளவு, எதற்கு என்று சொல்லுங்கள். 'மிச்சப்பட்டால் சங்கத்தின் மற்றப் பணிகளுக்குப் பயன்படுத்துவோம்' என்ற வரியையும் சேருங்கள். ஒரு காரியத்துக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை நினைத்தபடி வேறொன்றுக்குத் திருப்ப முடியாது.

நன்கொடையாளர் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் தொண்டு அமைப்பு கேட்டுப் பெறும் திட்டம் கிஃப்ட் எய்ட். அதன் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித் துறையிடமிருந்து வரும். ஆனால் கொடுப்பவர் அந்த அளவாவது வரி கட்டியிருக்க வேண்டும். வரி கட்டாத ஓய்வூதியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்தத் தொகையை வரித் துறை அவரிடமே கேட்கலாம். அம்மாவின் பணத்துக்கு மகன் கையெழுத்துப் போடவும் முடியாது. உண்டியலில் விழும் காசுக்கு வேறு திட்டம் உண்டு. 30 பவுண்டு அல்லது அதற்குக் குறைவான சிறு நன்கொடைகளில், ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரைக்கும் படிவம் இல்லாமலே 2,000 பவுண்டு வரை கோரலாம். அதே ஆண்டில் கிஃப்ட் எய்டும் கோரியிருக்க வேண்டும்.

11. எங்கிருந்து வந்தார்கள் என்று எண்ணுங்கள்

தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. அழைப்பவர் எல்லோரிடமும் கடைசியில் ஒரு கேள்வி: 'எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?' கடை, கோயில், வாட்ஸ்அப், ஜிபி, தெரிந்தவர் என்று ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு. ஃபேஸ்புக்கில் எத்தனை விருப்பம் விழுந்தது என்பதை இதோடு கலக்காதீர்கள். அதில் பாதி வேறு நாட்டில் இருக்கும் உறவினர்களுடையது.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைச் செயற்குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். ஒரு கூட்டத்தில் நாங்கள் இணையதளத்துக்கு ஒதுக்கியிருந்த பணத்தை அப்படியே நிறுத்தினோம். ஜிபி கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை. அடுத்த திங்களே இருவர் ஆங்கிலப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்று மருத்துவமனைகளுக்கு நேரில் போனார்கள்.